ஒரு குத்தின் 14 மில்லிசெக்கன்

போன வருடக் கடைசியில் ஹட்டன் பக்கம் ஒரு மண்டபத்தில் கராத்தே போட்டி நடந்தது. இரண்டாவது சுற்றில் என் அக்கா மகன் எதிரே நின்ற பையனின் முகத்துக்கு ஒரு குத்து விட்டான். முகத்துக்குப் போகும் குத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் அந்த விளையாட்டு. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பலமாக அடித்துவிட்டான் என்றார். ஏற்கெனவே வாங்கியிருந்த எச்சரிக்கைகளோடு இதுவும் சேர, ஆட்டமே போயிற்று.

அக்கா விடவில்லை. அந்தச் சுற்றை அவள் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து வைத்திருந்தாள். "லேசாத்தான் பட்டிருக்கு, நீங்களே பாருங்க" என்று மாஸ்டரிடம் காட்டினாள், மேசையில் இருந்தவர்களிடம் காட்டினாள், கடைசியில் அந்தப் பையனின் அப்பா அம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டினாள். நடந்தது தலைகீழ். மெதுவாக ஓடிய படத்தில் கைமுட்டி ஊர்ந்து ஊர்ந்து வந்தது. கன்னத்தோடு ஒட்டியது போலிருந்தது. பையனின் தலை பக்கவாட்டில் சாய, தலைமுடி அலை அலையாக எழும்பி விழுந்தது. பார்த்தவர்கள் "ஐயோ" என்றார்கள். "வேணும்னே அடிச்சிருக்கானே" என்று ஒருவர் சொன்னார். போதாததற்குப் படம் முழுக்க வெளிச்சம் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா கேட்டாள்: "ஏன்டா தம்பி, மெதுவா ஓட்டினா உண்மை இன்னும் நல்லாத்தானே தெரியணும்? இது நம்ம புள்ளையையே காட்டிக் குடுக்குதே?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முதலில் ஒரு குத்து எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிராங்க் புரூனோ என்ற ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர், பத்து வருடம் கழித்து உலகச் சம்பியனானவர், தொங்கவிட்ட ஒரு பாரத்தில் குத்தினார். பாரத்தில் அளவுக் கருவிகள் பொருத்தியிருந்தார்கள். அவரது கை புறப்பட்டு 49 சென்டிமீற்றர் தூரம் போய்ப் படுவதற்கு எடுத்த நேரம் 0.1 செக்கன். படும்போது வேகம் செக்கனுக்கு 8.9 மீற்றர். அதாவது மணிக்கு 32 கிலோமீற்றர், நுவரெலியா பஸ் வளைவு திரும்பும் வேகம்தான். ஆனால் விசை? 4096 நியூட்டன். ஏறத்தாழ எட்டுச் சீமெந்து மூட்டையின் பாரம். பட்ட கணத்திலிருந்து 14 மில்லிசெக்கனுக்குள் அந்த விசை உச்சத்துக்குப் போய்விட்டது. ஒரு மில்லிசெக்கன் என்றால் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த 14ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு டீவி செக்கனுக்கு 25 படம் காட்டும் முறையில் வளர்ந்தது. பழைய முறையில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாகப் பிரிந்து வரும், ஆக 50 அரைப்படங்கள். ஓர் அரைப்படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 20 மில்லிசெக்கன். புரூனோவின் கை அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 18 சென்டிமீற்றர் போய்விடும். அப்படியென்றால் குத்து பட்டு, விசை உச்சத்துக்கு ஏறும் 14 மில்லிசெக்கனும் இரண்டு அரைப்படங்களுக்கு நடுவில் விழுந்து காணாமற்போக இடம் இருக்கிறது. ஒரு படத்தில் கை வந்துகொண்டிருக்கும், அடுத்ததில் தலை திரும்பியிருக்கும். பட்ட இடம் எந்தப் படத்திலும் இருக்காது.

சாதாரண கமராவில் எடுத்ததைப் பிற்பாடு மெதுவாக ஓட்டினால் அந்தக் காணாமற்போன கணம் திரும்பி வராது. இருக்கும் படங்களையே இன்னும் கொஞ்சம் நேரம் நிறுத்தி வைத்துக் காட்டுகிறோம், அவ்வளவுதான். ஒரு கோப்பைப் பிளேன்டீயில் சுடுதண்ணி ஊற்றி நாலு கோப்பையாக்குவது மாதிரி. நாலு கோப்பைக்கும் சாயம் வேண்டுமென்றால் முதலிலேயே தூளைக் கூடப் போட்டிருக்க வேண்டும். உண்மையான ஸ்லோ மோஷன் அப்படித்தான். எடுக்கும்போதே செக்கனுக்கு 150, 300, 1000 என்று படங்களைக் கூட எடுத்து, காட்டும்போது 25ஆகக் காட்டுவது. ஆயிரம் படம் எடுத்தால் அந்த 14 மில்லிசெக்கனுக்குள் 14 படங்கள் கிடைக்கும். அதே கணக்கில் காலம் 40 மடங்கு நீளும். 0.1 செக்கன் குத்து திரையில் 4 செக்கன் ஓடும்.

இந்த யோசனை டீவியைவிடப் பழையது. கையால் சுற்றும் பழைய சினிமாக் கமராவை வேகமாகச் சுற்றி எடுத்து, திரையில் வழக்கமான வேகத்தில் ஓட்டினால் ஆட்கள் மெதுவாக நகர்வார்கள். ஆஸ்திரியாவில் ஓகஸ்ட் முஸ்கர் என்ற பாதிரியார், பௌதிகவியல் ஆசிரியர், கண்ணாடி பதித்த உருளையை வைத்து இதற்கென்றே ஒரு கருவி செய்து 1904இல் உரிமம் வாங்கினார். பிறகு உரிமத்துக்குக் கட்டணம் கட்டக் காசில்லாமல் அது கைவிட்டுப் போனது. ஜெர்மனியில் ஒரு கமராக் கம்பனி அதை எடுத்து மெருகேற்றி விற்றது. ஜெர்மன்காரர் இன்றும் ஸ்லோ மோஷனுக்குச் சொல்லும் சொல்லுக்குக் காலத்தின் பூதக்கண்ணாடி என்று பொருள். எனக்குப் பிடித்த சொல். ஆனால் பூதக்கண்ணாடி பொருளைப் பெரிதாகக் காட்டும், பாரமாக்காது. மெதுவாக ஓடும் படத்தைப் பார்க்கும் நமக்குத்தான் அந்த வித்தியாசம் மறந்துபோகிறது.

குத்துச்சண்டைக்கும் கமராவுக்கும் ஆரம்பத்திலிருந்தே தோஸ்து. 1897இல் அமெரிக்காவின் கார்சன் சிட்டியில் கோர்பெட்டும் பிட்ஸிமன்ஸும் மோதிய சண்டையை முழுவதுமாகப் படமெடுத்தார்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடிய படம். ஒரு சின்னச் சதுர மேடை, இரண்டே ஆட்கள், மேலே பளீரென்று வெளிச்சம். கமராக்காரனுக்கு இதைவிட வசதியான விளையாட்டு எது?

டீவியில் மெதுவாகக் காட்டும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில் வந்தது. அதன் முதல் நாட்களிலேயே ஒரு கறுப்பு நாள் இருக்கிறது. 1962 மார்ச் 24, நியூயோர்க் மடிசன் ஸ்கொயர் கார்டன். எமில் கிரிபித்தும் பென்னி பரெட்டும் வெல்டர்வெயிட் பட்டத்துக்கு மோதினார்கள். 12ஆவது சுற்றில் பரெட் மூலையில் கயிற்றோடு சிக்கிக்கொண்டார். திருப்பி அடிக்கவில்லை, விழவும் முடியவில்லை. கிரிபித்தின் குத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன, நடுவர் நிறுத்தும்போது காலம் கடந்துவிட்டது. பரெட்டை நினைவில்லாமல் தூக்கிப் போனார்கள். சில நிமிடங்களில் ஏ.பி.சி. டீவியின் வர்ணனையாளர் டொன் டன்பி, கிரிபித்தையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசிக் குத்துகளை ஸ்லோ மோஷனில் ஓட்டிப் பார்த்தார். வீட்டில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பரெட் பத்து நாள் கழித்து, ஏப்ரல் 3ஆம் திகதி இறந்தார்.

அன்று அந்த மேடையில் நின்றவர்களுக்கு அவர் சாகப்போகிறார் என்று தெரியாது. இருந்தாலும் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மெதுவாகக் காட்டும் கருவி குத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க விட்டது. நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தையும் காட்டியிருக்கும், எல்லாம் முடிந்த பிறகு.

ரீப்ளே என்பதே அப்போது ஜனங்களுக்குப் புரியாத சங்கதி. 1963 டிசம்பர் 7ஆம் திகதி அமெரிக்க இராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் புட்போல் ஆட்டத்தில், டோனி வேர்ணா என்ற இயக்குநர் நடந்த ஒரு காட்சியை உடனேயே திரும்பப் போட்டார், வழக்கமான வேகத்தில்தான். இராணுவ அணி மறுபடி புள்ளி எடுக்கவில்லை, நீங்கள் பார்ப்பது நேரடி அல்ல என்று வர்ணனையாளர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சிரிக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு டீவி இருந்த காலத்தில், கார் பெட்டரியில் ஓடிய டீவி, கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா "இவன் திரும்பவும் அவுட்டாயிட்டானா?" என்று கேட்டாராம். ரூபவாஹினி 1982இல்தான் ஒளிபரப்பைத் தொடங்கியது, நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகல உச்சியில் ஒளிபரப்புக் கோபுரத்தோடு. வெளியுலகத்தில் ஸ்லோ மோஷனுக்கு இருபது வயதான பிறகு எங்கள் லயத்துக்கு டீவியும் அதுவும் ஒன்றாக வந்து இறங்கின.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1967இல் அம்பெக்ஸ் நிறுவனம் 30 செக்கன் காட்சியை உலோகத் தட்டில் பதிந்து, மெதுவாகவும் பின்னோக்கியும் ஓட்டவும் அப்படியே நிறுத்தவும் ஒரு யந்திரம் கொண்டுவந்தது. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மூன்று மடங்கு வேகத்தில் எடுக்கும் சோனி கமரா வந்தது. 1994இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துப் பக்கம் ஈ.வி.எஸ். என்ற கம்பனி தொடங்கியது, நாடாவை ஒதுக்கிவிட்டுக் கணினி வட்டில் பதியும் முறையைப் பரப்பியது அதுதான். இன்று பெரிய சண்டைகளின் ஒளிபரப்பு வண்டிக்குள் கையால் உருட்டும் சின்னச் சக்கரத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் ரீப்ளேக்காரர்கள். பாண்டம் மாதிரியான அதிவேகக் கமராக்கள் எந்நேரமும் எடுத்துக்கொண்டே, பழையதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். அடி விழுந்த பிறகுதான் ஆள் பொத்தானை அமுத்துவார். அந்தப் பொத்தான், ஏற்கெனவே நடந்து முடிந்த சில செக்கன்களை அழியாமல் பிடித்து வைக்கும். அடி விழப்போவதை அவர் முன்கூட்டியே அறிந்தவர் அல்ல.

இனி அக்காவின் வீடியோ மின்னியதற்கு வருவோம். அதற்குக் காரணம் அவள் போன் அல்ல, மண்டபத்து டியூப் லைட். நம்முடைய கரண்ட் செக்கனுக்கு 50 சுற்று. பழைய வகை டியூப் லைட் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, ஆக செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்கு அது தெரியாது. அக்காவின் போன் செக்கனுக்கு 240 படம் எடுத்தது, காட்டியது 30. எட்டு மடங்கு மெதுவானதில் அந்த 100 மின்னல் 12, 13ஆக இறங்கிவிட்டது. அது கண்ணில் குத்தும். மலிவு எல்.ஈ.டி. விளக்குகள் சிலவற்றிலும் இதே கூத்துதான். பெரிய அரங்குகளில் மின்னாத விளக்குகளைத் தேடிப் பூட்டுவது இதற்காக. வெளிச்சமும் மலைபோல வேண்டும். ஆயிரம் படம் எடுக்கும் கமராவில் ஒரு படம் வெளிச்சத்தைப் பார்ப்பது ஆயிரத்தில் ஒரு செக்கன்கூட இல்லை. ஹட்டனில் மழை இருட்டின நாளில் நாலு டியூப் லைட்டுக்குக் கீழே அது நடக்காது.

போனில் இன்னொரு வில்லங்கம். அதன் கமரா படத்தை ஒரே தடவையில் எடுக்காமல் மேலிருந்து கீழாக வரி வரியாக எடுக்கும். அதற்குள் கால் நகர்ந்துவிடுவதால் உதை வளைந்து தெரியும். சில போன்களும் செயலிகளும் இல்லாத படங்களை நடுவில் தாங்களே ஊகித்துச் செருகியும் விடும். பார்க்க வழுவழுப்பாக இருக்கும். முட்டிக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அந்த ஊகம் மூடிவிட்டாலும் யாருக்கும் தெரியாது. நம் வட்ஸ்அப் குழுக்களில் "நல்லாப் பாருங்க, கை படவே இல்ல" என்று சுற்றும் துண்டுகளில் எத்தனை இப்படி வந்தவை என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நல்ல கமரா, நல்ல வெளிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஸ்லோ மோஷன் எதைச் சொல்லும்? எங்கே பட்டது, எதனால் பட்டது, எந்தத் திசையில் வந்தது, எது முதலில் நடந்தது. இதில் அது கெட்டிக்காரன். குத்துச்சண்டையில் புருவம் கிழிந்தால் குத்தினால் கிழிந்ததா, தலை முட்டியதில் கிழிந்ததா என்பது பெரிய கேள்வி. குத்தினால் என்றால், காயத்தால் சண்டை நின்றதும் அடிபட்டவர் தோற்றார். தற்செயலாகத் தலை முட்டியது என்றால், நாலு சுற்று முடிந்திருந்தால் புள்ளிக் கணக்குக்குப் போவார்கள். ஒரு சண்டையின் முடிவே மாறுகிற இடம், அதற்கு மெதுவான படம் சாட்சி சொல்லும். 1997 ஜூன் 28இல் டைசன் ஹோலிபீல்டின் காதைக் கடித்தபோது, அது குத்தால் வந்த காயம் என்று டைசன் நடுவரிடம் சொல்லிப் பார்த்தார். ரீப்ளே பார்த்த ஒருவருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டையிலும் இப்படித்தான். 2009 டிசம்பரில் லாஸ் வேகஸில் மட் ஹமில் என்பவரை ஜோன் ஜோன்ஸ் கீழே கிடத்தி முழங்கையால் அடித்தார். மேலிருந்து நேர் கீழாக முழங்கையை இறக்குவது அப்போது விதிப்படி தவறு. நடுவர் ரீப்ளேயைப் பார்த்து, ஜோன்ஸைத் தகுதி நீக்கினார். கேள்வி கோணத்தைப் பற்றியது, கோணத்தைக் கமரா சொல்லிவிடும். அந்த விதியையே 2024இல் எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. 2008 பீஜிங் ஒலிம்பிக் டைகொண்டோவில் பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன் சீன வீராங்கனையின் தலையில் உதைத்தது கணக்கில் வரவில்லை. முறையிட்டு வீடியோ பார்த்தபின் முடிவு மாறியது. அடுத்த ஒலிம்பிக்கில் பயிற்றுநர் அட்டை தூக்கி ரீப்ளே கேட்கும் முறையும், உதையின் பலத்தை அளக்கும் உணர்கருவி பொருத்திய மார்புக் கவசமும் இருந்தன. இங்கே கவனியுங்கள்: பலத்தை அளக்கக் கமராவை நம்பாமல் உடம்பில் கருவியைக் கட்டினார்கள். மல்யுத்தத்தில் பயிற்றுநர் மேடைக்குள் ஒரு பஞ்சுக் கட்டியை வீசி ரீப்ளே கேட்பார், தோற்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி. நல்ல ஏற்பாடு, சும்மா வீசமாட்டார்கள்.

எவ்வளவு பலமாகப் பட்டது, எந்த எண்ணத்தோடு அடித்தார் என்று கேட்டால் ஸ்லோ மோஷன் தடுமாறும். 1965 மே 25இல் மேயின் மாநிலத்தின் லூயிஸ்டனில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் ஒரு குட்டைக் குத்தில் எதிராளி லிஸ்டன் முதல் சுற்றிலேயே விழுந்தார். அரங்கில் இருந்த பலர் அந்தக் குத்தைக் காணவே இல்லை. படத்தை மெதுவாக ஓட்டியபோது குத்து பட்டது தெரிந்தது. அந்தக் குத்துக்கு அவ்வளவு பெரிய மனுஷன் விழுவாரா என்ற சண்டை அறுபது வருடமாக நடக்கிறது. படத்தில் விசை பதிவாவதில்லை, தோல் அலையடிப்பதும் வியர்வை தெறிப்பதும்தான் பதிவாகின்றன. மெதுவாக ஓடும்போது லேசான அடிக்கும் கன்னம் குலுங்கும்.

எண்ணம் என்று வரும்போது இன்னும் மோசம். 2016இல் அமெரிக்க விஞ்ஞான அகாடமியின் சஞ்சிகையில் வந்த ஆய்வில், ஒரே வீடியோவைச் சிலருக்குச் சாதாரண வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள் அதை வேண்டுமென்றே செய்த காரியம் என்று அதிகம் சொன்னார்கள். உண்மையில் எவ்வளவு நேரம் ஓடியது என்று திரையிலேயே காட்டியும் அந்த எண்ணம் குறைந்ததே தவிர மறையவில்லை. காரணம் விளங்குகிறதுதானே. 4 செக்கன் ஊர்ந்து வரும் முட்டியைப் பார்க்கும்போது, யோசிக்க அவனுக்கு 4 செக்கன் இருந்தது போல நம் மனம் எடுத்துக்கொள்கிறது. அவனுக்கு இருந்தது 0.1 செக்கன். கண்ணில் பட்டதற்குக் கை அசையவே 0.2 செக்கன் போல ஆகும். குத்து கிளம்பிய பிறகு அதை நிறுத்த யோசிக்க நேரமே இல்லை. மண்டபத்தில் "வேணும்னே அடிச்சிருக்கான்" என்ற அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

குத்துச்சண்டையில் இன்னொரு சிக்கல். சுற்றுகளுக்கு நடுவே ஒரு நிமிட ஓய்வு. விளம்பரம், மூலையில் பயிற்றுநர் சத்தம் போடுவது, ரீப்ளே, எல்லாம் அந்த 60 செக்கனுக்குள். இயக்குநர் ஒன்றிரண்டு குத்துகளைத்தான் காட்ட முடியும், அழகாக விழுந்ததைத்தான் காட்டுவார். பெரும்பாலும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நீதிபதிகள் புள்ளிச் சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். நாம் இந்த ஒரு குத்தை மூன்று கோணத்தில் பார்த்துவிட்டு "இந்தச் சுற்று இவனுக்குத்தான்" என்று முடிவு கட்டுவோம். அவர்கள் மூன்று நிமிடத்தையும் ஒரே தடவை, ஒரே இடத்திலிருந்து பார்த்தவர்கள். கடைசியில் தீர்ப்பு வேறாக வந்தால் காசு வாங்கிவிட்டார்கள் என்போம். வாங்குகிறவர்களும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் இல்லை.

முன்கூட்டியே பேசி வைத்து ஆடும் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ரெஸ்லிங்கில் பல வருடமாக, அடி விழும் அந்தக் கணத்தில் கமரா சட்டென்று வேறு கோணத்துக்குத் தாவி வந்தது. சின்ன வயதில் நிஜமா பொய்யா என்று லயத்து வாசலில் மணிக்கணக்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். அங்கே ரீப்ளேக்கு எந்தக் கோணத்தை எடுப்பது என்பதே ஒரு தனி வித்தை. தவறான கோணத்தை மெதுவாக ஓட்டினால் கால் தரையில் தட்டிச் சத்தம் எழுப்புவது தெரிந்துபோகும்.

உலகக் கராத்தே போட்டிகளில் பயிற்றுநர் வீடியோ கேட்கலாம். அது தரப்படாமல் விடுபட்ட புள்ளிக்கு. பலமாகப் பட்டதா என்பதை நடுவரே முகத்தைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, பக்கத்தில் நின்று தீர்மானிக்கிறார். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் கோணிற்று. நடுவர் சொன்னது சரி என்றும் நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். ஒரு படத்தில் முட்டி கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கிறது. அடுத்த படம் டியூப் லைட் இறங்கிய நேரத்தில் எடுபட்டது, கறுத்துப்போய், புள்ளி புள்ளியாக, எது கை எது கன்னம் என்றே தெரியவில்லை. அதற்கடுத்ததில் தலை திரும்பத் தொடங்கிவிட்டது. பட்டுத் திரும்பியதா, பயத்தில் அவனே திருப்பிக்கொண்டானா?

மருமகன் பக்கத்தில் இருந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பட்டுச்சாடா?" என்று கேட்டேன்.

"தெரியல மாமா," என்றான். "கிளவுஸ் போட்டிருந்தேன்ல."